பாலத்துக்கு வடக்கே வீடு பார்க்க வந்த தம்பிக்கு

ஜூலை மாசம் வீடு பார்க்க வர்றவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி. முகமெல்லாம் பூரிச்சுப் போய் வருவாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு, சுப்பீரியர் ஏரி சாதுவாக் கிடக்கு, நாலு படுக்கையறை வீடு ஒண்ணு டெட்ராய்ட் பக்கம் கார் ஷெட் விக்கிற விலைக்குக் கிடைக்குது. "இப்படி ஒரு இடத்தை விட்டுட்டு சனங்க ஏன்தான் போனாங்களோ!"ன்னு பெருமூச்சு விட்டீங்க பாருங்க, அப்பத்தான் உங்களை உட்கார வச்சு இன்னொரு கோப்பை காபி ஊத்தணும்னு எனக்குத் தோணிச்சு. உட்காருங்க. அந்த நாய் கடிக்காது. கொசுதான் கடிக்கும். அதுக்கு உள்ளூர், வெளியூர் வித்தியாசம் தெரியாது.

முதல்ல, எங்க வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. மிச்சிகன் மாநிலம் ரெண்டு துண்டு. கீழ்த்துண்டுல நீங்க, கார் கம்பெனிங்க, சட்டசபை. மேல்துண்டுல நாங்க, மரம், மான். நடுவுல அஞ்சு மைல் நீளத்துக்கு மாக்கினா பாலம். அதைத் திறந்ததே 1957 நவம்பர்லதான். அதுவரைக்கும் காரைப் படகுல ஏத்திக்கிட்டுத்தான் வரணும். பழைய கதைகள்ல பாலத்துக்கு அடியில பூதம் குடியிருக்கும் இல்லையா, அதனால பாலத்துக்குத் தெக்கே இருக்கிற உங்க எல்லாருக்கும் இங்க பூதம்னுதான் பேரு. கோவிச்சுக்காதீங்க, பாசத்தோடதான் சொல்றது. அதுவும் நீங்க காரைக் கிளப்பிக்கிட்டுப் போனதுக்கு அப்புறம்தான் சொல்றது.

மாநிலத்து நிலத்துல கால் பங்குக்கு மேல எங்ககிட்ட இருக்கு. ஆனா சனத்தொகையில நூத்துக்கு மூணு பேர்தான் நாங்க, எல்லாரையும் கூட்டினா மூணு லட்சம் சொச்சம். அதனால ஓட்டுக் கேக்க இவ்வளவு தூரம் பெருசா யாரும் மெனக்கெடுறதில்லை. அப்படியே வந்தாலும் உங்களை மாதிரி ஜூலையிலதான் வருவாங்க.

எங்க மேல மாநிலத்துக்கு இருக்கிற பிரியம் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1830கள்ல மிச்சிகனும் ஒஹாயோவும் டொலிடோ ஊரு யாருக்குன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னாங்க. ரெண்டு பக்கமும் ஆள் திரட்டினாங்க, ஒருத்தரை ஒருத்தர் முறைச்சாங்க. கடைசியில வாஷிங்டன்ல இருந்தவங்க டொலிடோவை ஒஹாயோவுக்குக் கொடுத்துட்டு, மிச்சிகனைச் சமாதானப்படுத்த எங்களை எடுத்துக் கொடுத்தாங்க. அவங்களும் மூக்கால அழுதுக்கிட்டே வாங்கிக்கிட்டு 1837-ல மாநிலம் ஆனாங்க. நாலு வருஷம் போச்சு. டக்ளஸ் ஹோட்டன்னு ஒரு நிலவியல்காரர், இங்க மண்ணுக்கடியில செம்பு கிடக்குதுன்னு 1841-ல அறிக்கை எழுதினார். அழுதவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு மண்வெட்டியைத் தேடினாங்க. பாவம், அந்த மனுஷன் 1845-ல இதே ஏரியில புயல்ல படகு கவிழ்ந்து செத்துப்போனார். யார் என்ன அறிக்கை எழுதினாங்கன்னு ஏரி பார்க்கிறதில்லை. செம்பு இருக்கிற விஷயம் ஓஜிப்வே சனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாத் தெரியும், அவங்களை யாரும் அறிக்கை எழுதச் சொல்லலை. 1842-ல ஒப்பந்தம் போட்டு நிலத்தை எழுதி வாங்கினதோட சரி.

எங்க தாத்தா பின்லாந்துல இருந்து வந்தவர். ஊரை விட்டுக் கிளம்புறவன் நாலு நல்ல வெயில் பார்க்கிற இடமாப் பார்த்துப் போவான். இவர் பனியில கிளம்பி, கடல் தாண்டி, அதைவிடப் பெரிய பனியில வந்து இறங்கினார். எங்க குடும்பத்து புத்தி அவ்வளவுதான். இந்த ஆள் சொல்றதைக் கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே மேல கேளுங்க.

செம்பு ஓஹோன்னு இருந்த 1910-ல எங்க ஹோட்டன் மாவட்டத்துல 88 ஆயிரம் பேர் இருந்தாங்க. 2020 கணக்கெடுப்புல 37 ஆயிரம். கால்யுமெட்ல ஒரு நாடகக் கொட்டகை இருக்கு, 1900-ல திறந்தது. சாரா பெர்னார்ட் மாதிரி உலகமே கொண்டாடின நடிகை வந்து நின்ன மேடை. இன்னைக்கும் நல்லாத்தான் நிக்குது, பக்கத்துல கடைங்கதான் இல்லை. செம்புல வந்த லாபம் எங்க போச்சுன்னு கேப்பீங்க. பாஸ்டன் பங்குதாரர்களுக்குப் போச்சு. செம்புப் பாறையை இடிச்சு அரைச்ச மிச்சம், கறுப்பு மணல், அதை மட்டும் கேங்கிற ஊர்க் கரையில கொட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த மணல் இன்னும் ஏரிக்குள்ள ஊர்ந்து ஊர்ந்து, மீன் முட்டை போடுற பாறைத் திட்டை மூடிக்கிட்டு வருது. லாபம் அவங்களுக்கு, மணல் எங்களுக்கு. பங்கு பிரிச்சதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

1913-ல சுரங்கத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சப்ப, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவங்க பிள்ளைகளுக்கு கால்யுமெட் இத்தாலியன் ஹால்ல விருந்து வச்சிருந்தாங்க. யாரோ தீன்னு கத்தினதுல மாடிப்படி நெரிசல்ல 73 பேர் செத்தாங்க. பாதிக்கு மேல குழந்தைங்க. தீயே பிடிக்கலை. அதைப் பத்தி மட்டும் நான் கேலி பேச மாட்டேன். கட்டடத்தை இடிச்சிட்டாங்க, வாசல் வளைவை விட்டு வச்சிருக்காங்க. போறப்ப பார்த்துட்டுப் போங்க.

1968-ல இன்னொரு வேலைநிறுத்தம். அதோட சுரங்கக் கம்பெனி கடையைக் கட்டிடுச்சு. எங்கப்பா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி மேல வச்சார், அப்புறம் அதை இறக்கவே இல்லை. எங்க தெருவுல இருந்த என் சோட்டுப் பசங்கள்ல பாதிப் பேர் உங்க டெட்ராய்ட்டுக்குத்தான் கார் செய்யப் போனாங்க. நான் ரோடு இலாகாவுல பனி தள்ளுற லாரி ஓட்டப் போனேன். மூட முடியாத சுரங்கம் அது ஒண்ணுதான்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். "இங்க வேலை எல்லாம் எப்படி?"ன்னீங்க. வேலைக்கு என்ன தம்பி பஞ்சம்? காலையில கண் முழிச்சா வாசல்ல வந்து நிக்கும். சம்பளத்துக்குத்தான் பஞ்சம். நிலையான சம்பளம்னா எங்க பக்கம் விரல் விட்டு எண்ணிடலாம். ஹோட்டன்ல மிச்சிகன் டெக் பல்கலைக்கழகம் இருக்கு. 1885-ல சுரங்கப் படிப்புக்குன்னு ஆரம்பிச்சது. சுரங்கம் போச்சு, படிப்பு நிக்குது. அப்புறம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரோடு இலாகா, ஓஜிப்வே சனங்க நடத்துற சூதாட்ட விடுதி. பராகாவுல 1993-ல ஜெயில் கட்டினாங்க. மாநிலம் எங்களுக்குப் பார்த்துப் பார்த்து அனுப்பி வச்ச தொழில் அது. உள்ளே இருக்கிறவங்க தெக்கத்தி ஆளுங்க, வெளியில சாவி வச்சுக்கிட்டு நிக்கிறது எங்க பசங்க. ரெண்டு பேருக்கும் பனி ஒண்ணுதான்.

மிச்சம் இருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா எப்படிப் போச்சுன்னு கேளுங்க. 1995 ஒரே வருஷத்துல ஒண்டனாகன் பக்கம் ஒயிட் பைன் செம்புச் சுரங்கத்தையும் மூடினாங்க, மார்க்வெட் பக்கம் சாயர் விமானப்படைத் தளத்தையும் மூடினாங்க. ஒண்டனாகன்ல அதுக்கப்புறம் காகித ஆலையும் போச்சு. 2024-ல ஆஸ்பத்திரியும் போச்சு. எங்க பின்லாந்துக்காரங்க 1896-ல ஹான்காக்ல ஆரம்பிச்ச கல்லூரி 2023-ல மூடிச்சு. எம்பயர் இரும்புச் சுரங்கம் 2016-ல. புதுசா ஒண்ணுமே வரலைன்னு சொல்லக்கூடாது, 2014-ல ஈகிள்னு ஒரு நிக்கல் சுரங்கம் திறந்தாங்க. ஆனா சுரங்கம்னா ஒரு நாள் தீரும். தீரும்போது எங்ககிட்டச் சொல்லிட்டுத் தீராது.

அப்ப மிச்ச சனம் எப்படிப் பிழைக்குதுன்னுதானே பார்க்குறீங்க? என் எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான். மரம் வெட்டுற லாரியில போவான். மார்ச் மாசம் நிலம் இளகினதும், பாரம் ஏத்தின லாரி ரோட்டைக் கெடுத்துடும்னு எடைக்கு வரம்பு போட்டுடுவாங்க. லாரி நின்னா அவனும் நின்னான். சேறு காயிற வரைக்கும் வேலையில்லாப் படிக்கு மனுப் போட்டுட்டு, ஓட்டைப் படகைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். கோடை வந்தா உங்களை மாதிரி ஆளுங்க வாங்கிப் போட்டிருக்கிற ஏரிக்கரை வீடுகளுக்கு வெள்ளையடிப்பான், புல் வெட்டுவான். ஆகஸ்ட்ல காட்டுல திம்பிள்பெர்ரி பறிப்பான். அதுல செய்யிற ஜாம் பாட்டில் விலையைக் கேட்டா நீங்க மயங்கி விழுந்துடுவீங்க, பறிக்கிற கையைப் பார்த்தா அதுவே மலிவுன்னு சொல்லுவீங்க. செப்டம்பர்ல விறகு பிளப்பான். பனி விழுந்தா தன் பிக்கப் வண்டிக்கு முன்னாடி தகடு மாட்டிக்கிட்டு கிழவிங்க வாசலை வழிப்பான். அவன் பொண்டாட்டி நர்ஸம்மா. குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் அவ சம்பளத்துலதான். இவனுக்கு எத்தனை வேலைன்னு வரிக்கணக்கு எழுதுறவருக்கே குழப்பம். ஆனா ஊர்ல எவனும் அவனைச் சும்மா இருக்கான்னு சொல்ல முடியாது.

நீங்க மடிக்கணினியைத் தட்டிக் காட்டினீங்க. "எனக்கு வீட்டுல இருந்தே வேலை"ன்னு. நல்லது. 2020-க்கு அப்புறம் அப்படி வர்றவங்களை நிறையப் பார்க்குறோம். வேலையைத் தேடிக்கிட்டு வர்றவனைவிட வேலையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வர்றவன் எவ்வளவோ மேல். ஆனா நவம்பர் காத்துன்னு ஒண்ணு இருக்கு. 1975 நவம்பர் 10-ஆம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்னு 729 அடி நீளக் கப்பல், இரும்புத்தாதை ஏத்திக்கிட்டுப் போனது, 29 பேரோட இந்த ஏரியில மூழ்கிடுச்சு. ஒருத்தர் உடம்புகூடக் கிடைக்கலை. அப்படிப்பட்ட காத்து உங்க வீட்டுக்கு வர்ற கரண்டுக் கம்பியைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா? மேலதிகாரி முகம் திரையில பாதியில உறைஞ்சு நிக்கிறப்ப, அவருக்கு இதையெல்லாம் யார் விளக்கிச் சொல்றது?

இனி பனி. இதைக் கொஞ்சம் சாவகாசமாத்தான் சொல்லணும்.

கனடாவுல இருந்து வறண்ட குளிர்காத்து வரும். இந்த ஏரி, உலகத்துலயே பரப்புல பெரிய நன்னீர் ஏரி, அவ்வளவு சீக்கிரம் உறையாது. காத்து அது மேல வர்றப்ப ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே வரும். நாங்க இருக்கிற இந்தக் கீவினா மேட்டுல வந்து முட்டும். மேல ஏறும், குளிரும், குடிச்சதை எல்லாம் எங்க தலையில கொட்டும். புயலே வேணாம். வானிலைக்காரர் "லேசான தூறல்"னு சொல்ற அன்னைக்கே முழங்கால் அளவு விழுந்திருக்கும். மோஹாக் ஊரைத் தாண்டி 41-ஆம் நம்பர் நெடுஞ்சாலை ஓரத்துல ஒரு உசரமான அளவுப் பலகை நட்டிருக்காங்க. 1978-79 குளிர்காலத்துல விழுந்தது 390.4 அங்குலம், முப்பத்திரெண்டரை அடி. அதுதான் உச்சம். உங்களை மாதிரி வர்றவங்க அது பக்கத்துல நின்னு படம் பிடிச்சுக்குவாங்க. சிரிச்சுக்கிட்டே பிடிச்சுக்குவாங்க. சாதாரண வருஷத்துல எவ்வளவுன்னு கேக்க மறந்துட்டுப் போயிடுவாங்க. நான் சொல்றேன், இருபது அடிக்குக் குறையாது. எல்லாம் ஒரே நாள்ல நிக்காது, பயப்படாதீங்க. விழும், அமுங்கும், மறுபடி விழும். அக்டோபர்ல ஆரம்பிச்சா ஏப்ரல்ல முடிஞ்சாலும் முடியும்.

வாசலை வழிக்கிறதுக்கு மண்வெட்டி எல்லாம் எடுத்துக்கிட்டு வராதீங்க, சிரிப்பாங்க. இங்க அகலமான தகரத் தொட்டி ஒண்ணு, கைப்பிடி வச்சது, தள்ளிக்கிட்டே போய்க் கவுக்கிறது, அதுதான். அதைக் குனியாம, தூக்காம, இடுப்பால தள்ளணும். வழிச்சு முடிச்சு, வேர்வை துடைச்சு, "அப்பாடா"ன்னு நிமிருவீங்க. சரியா அப்பத்தான் இலாகா லாரி வரும். ரோட்டுப் பனியை ஒதுக்கித் தள்ளிக்கிட்டே போய், உங்க வாசல் முகப்புல இடுப்புயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிட்டுப் போகும். நீங்க வழிச்சது பஞ்சு, இது கல்லு. ரோட்டுல கார் மிதிச்சு, மணல் கலந்து, இறுகிப் போன பனி. அதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிடலாம்னு பார்த்தா மாநிலச் சட்டப்படி குத்தம். அந்த லாரியை இத்தனை காலம் ஓட்டினவன் நான்தான். வேணும்னு செஞ்சதே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஒருத்தர் ரெண்டு பேர் நம்பியும் இருக்காங்க.

கூரை அடுத்தது. நீங்க காலையில பார்த்துட்டு வந்தீங்களே, அந்த வெள்ளை வீடு, அதோட கூரைச் சரிவு போதாது. தகரம் போட்ட செங்குத்துக் கூரைன்னா பனி தானா வழுக்கி விழும். விழற இடத்துல காரோ மாமியாரோ நிக்காமப் பார்த்துக்கிட்டாப் போதும். அந்த வீட்டுக்கு ஓடு ஒட்டின கூரை. நீளக் கம்புல பலகை வச்சு கீழ நின்னே இழுக்கணும், எட்டாத இடத்துக்கு ஏறணும். ஏறலைன்னா என்ன ஆகும்? வீட்டுக்குள்ள நீங்க காசு கொடுத்து மூட்டின சூடு, பரண் வழியாக் கசிஞ்சு கூரைப் பனியை அடியில உருக்கும். உருகின தண்ணி ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைஞ்சு கரை கட்டும். பின்னால வர்ற தண்ணிக்குப் போக வழியில்லாம ஓட்டுக்கு அடியில புகுந்து, சமையலறைச் சுவர் வழியா உள்ளே இறங்கும். அந்த வீட்டுச் சமையலறையில ஜன்னலுக்கு மேல புதுசா வெள்ளையடிச்ச திட்டு ஒண்ணு இருக்கே, பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க ஜன்னல் வழியா ஏரியைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க.

தண்ணிக் குழாயும் அப்படித்தான். ரோட்டுல பனியைச் சுத்தமா வழிச்சிடுறதால போர்வை இல்லாத மண்ணுல குளிர் ஆழமா இறங்கி, பூமிக்கடியில போற குழாயே உறையும். ரொம்பக் கடுமையான வருஷத்துல "பென்சில் தடிமனுக்குக் குழாயைத் திறந்தே விடுங்க, ராத்திரி பகல் ஓடட்டும்"னு நகராட்சியே சொல்லும். தண்ணியை வீணாக்காதேன்னு நாங்க பிள்ளைங்களை அதட்டுறது ஏப்ரலுக்கு அப்புறம்தான். காருக்கு இன்ஜினைச் சூடாக்க ராத்திரி மின்சார வயர் மாட்டணும். தெருமுனையில பனிமேடு ஆள் உசரத்துக்கு நிக்கிறதால, எதிர்ல வர்றவனுக்குத் தெரியட்டும்னு கார் ஆன்டெனாவுல ஆரஞ்சுக் கொடி கட்டணும். ராத்திரியில தெருவுல காரை நிறுத்தினா அபராதம். டிசம்பர்ல காலை எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும். நடுவுல வர்றதை வெளிச்சம்னு சொல்றது மரியாதைக்காகத்தான்.

இவ்வளவு திட்டுறியே, பனி இல்லாமப் போனா சந்தோஷமான்னு கேப்பீங்க. அதையும் பார்த்தாச்சு. 2023-24 குளிர்காலத்துல பனி ஏமாத்திடுச்சு. மார்க்வெட்ல நடக்கிற நாய்வண்டிப் பந்தயத்தையே ரத்து பண்ணினாங்க. பனி வண்டி ஓட்ட வர்ற கூட்டம் வரலை, தங்கும் விடுதியெல்லாம் காத்து வாங்குச்சு, என் எதிர்வீட்டுப் பையன் தகடு மாட்டின வண்டியை வாசல்ல நிறுத்திட்டு வானத்தை முறைச்சுக்கிட்டு இருந்தான். 1970-லயும் இப்படித்தான், பனிவண்டிப் பந்தயத்துக்குப் பனி பத்தாதுன்னு ரேடியோ நிலையத்துல இருந்த ஒருத்தர் ஹெய்க்கி லுன்டான்னு ஒரு பனிச்சாமியைக் கற்பனை பண்ணி ஒரு பாட்டுக் கட்டினார். கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சு. அப்புறம் "போதும் சாமி, போயிட்டு வா"ன்னு இன்னொரு பாட்டுக் கட்ட வேண்டியதாப் போச்சு. எங்க பக்தி அந்த அளவுதான், வரச் சொல்லி ஒண்ணு, போகச் சொல்லி ஒண்ணு.

சனங்க எப்படின்னு கேளுங்க. பேச மாட்டோம். ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்கினா அதுதான் வணக்கம். ரெண்டு விரல் தூக்கினா உங்களுக்கு ஏதோ நல்லது நடந்திருக்குன்னு அர்த்தம். சனிக்கிழமை ராத்திரி சானாவுக்கு, எங்க நீராவிக் குளியலுக்கு, கூப்பிட்டா மறுக்காதீங்க. அங்க உட்கார்ந்து வேர்க்கிறப்பதான் வாயைத் திறப்போம். பாஸ்டி சாப்பிட்டீங்களா? மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருட்டபாகா கிழங்கு, எல்லாத்தையும் நறுக்கி மாவுல மடிச்சுச் சுடுறது. கார்ன்வால்ல இருந்து வந்த சுரங்கக்காரங்க கொண்டுவந்தது, இப்ப நாங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசுவோம். அதுக்குக் குழம்பு ஊத்திச் சாப்பிடுறதா, கெட்சப்பான்னு யாராவது கேட்டா, மழுப்பிட்டு வெளியே வந்துடுங்க. அதுல குடும்பங்களே பிரிஞ்சிருக்கு. நவம்பர் 15 மான் வேட்டை தொடங்குற நாள். அன்னைக்குப் பல ஊர்ல பள்ளிக்கூடமே லீவு. அன்னைக்குக் குழாய் உடைஞ்சா நீங்களே பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான், பிளம்பர் காட்டுல இருப்பார்.

ஒரு நாள் காலையில உங்க வாசல் வழிச்சிருக்கும். யார் வழிச்சாங்கன்னு தெரியாது. பணத்தை நீட்டிக்கிட்டு வீடு வீடா விசாரிக்காதீங்க, அது அவமானம். சும்மா இருங்க. தெரிய வரும்போது பதிலுக்கு ஏதாவது செய்யுங்க, ஒரு பாஸ்டி, கொஞ்சம் விறகு, கம்ப்யூட்டர் கோளாறு ஏதாவது சரி பண்ணிக் கொடுக்கிறது. நீங்க சாகுற வரைக்கும் வெளியூர்க்காரர்தான், அதை மாத்த முடியாது. ஆனா வாசல் வழிக்கிறப்ப அதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க.

எங்களுக்கு இருக்கிற உண்மையான குறை பனி இல்லை தம்பி. பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறது நாங்க, அவங்க உழைப்பு போய்ச் சேர்றது மினியாபொலிஸுக்கும் சிகாகோவுக்கும். பள்ளிக்கூடத்துல வகுப்புக்கு வகுப்பு பெஞ்சு காலியாகுது. வயசானவங்க கூரையில ஏற ஆள் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். என் முழங்கால் ரெண்டு வருஷமா மறுப்புத் தெரிவிச்சுக்கிட்டு இருக்கு.

அந்த வெள்ளை வீட்டுச் சமையலறைத் திட்டு எனக்கு எப்படித் தெரியும்னுதானே முழிக்கிறீங்க? எங்க அக்கா வீடு அது. அக்கா போயிட்டா. விக்கிறது நான்தான். புரோக்கர் பொண்ணு இந்தச் சமாச்சாரத்தை எல்லாம் சொல்ல வேணாம்னு என்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் கேக்கலை. போன முறை அதை வாடகைக்கு எடுத்தவங்களும் ஜூலையில பார்த்து மயங்கி வந்தவங்கதான். மார்ச் வந்தது, சாவியைத் தபால் பெட்டியில போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்தக் கூரைப் பனியை யார் வழிச்சா? இந்த முழங்கால்தான். ஓடிப்போற ஆளுக்கு நல்ல விலைக்கு வித்தாலும் எனக்கு நஷ்டம்தான். நிக்கிற ஆள் வேணும்.

அதனால இப்ப முன்பணம் கொடுக்காதீங்க. வாங்க மாட்டேன். பிப்ரவரி கடைசியில வாங்க. வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, பிள்ளை இருந்தா பிள்ளையையும். நாலு நாள் அந்த வீட்டுலயே தங்குங்க, விறகு நான் அடுக்கி வைக்கிறேன். உங்க கம்பெனிக்காரங்க அடுத்த வருஷம் "ஆபீசுக்கு வா"ன்னு கூப்பிட மாட்டாங்கன்னு எழுத்துல வாங்கிக்கிட்டு வாங்க. இங்கே இருந்து டெட்ராய்ட் 550 மைல், தினம் போய்வர முடியாது. அப்பவும் வீடு பிடிச்சிருந்தாப் பேசலாம். விலையில ஒரு காசு குறைக்க மாட்டேன். ஆனா கூரை வழிக்கிற கம்பு, தகரத் தொட்டி, ஏணி மூணும் விலையிலேயே அடக்கம்.